கடைமடைக்கு முதல் தண்ணீர்

அன்பு மகளே,

இங்கே நானும் அப்பாவும் நலம், கீச்சிடுகிற பின்கதவைத் தவிர வீடும் நலம், நீயும் அங்கே உடம்பாலும் மனதாலும் நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். அப்பாவுக்கு முதுகு வலி முன்போலத்தான், ஆனால் கேட்டால் வலியே இல்லை என்பார், கேட்காவிட்டால் முனகுவார், அதனால் நான் கேட்பதே இல்லை. பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, மூன்றும் அப்பாவின் புதுச் சட்டை மேல்தான். நீ போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, ஆனால் இப்போது நான் சொல்லப்போவது இரண்டு நிமிடத்தில் அடங்காது, போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடவும் செய்வேன், அதனால்தான் எழுதுகிறேன். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது உனக்குத் தெரியும். அணையில் பாதிதான் தண்ணீர். எங்கள் வாய்க்கால் சங்கத்துக்கு இரண்டு வருஷமாக நான்தான் செயலாளர் என்று சொன்னேன் அல்லவா, கையெழுத்து அழகாக இருந்த பாவத்துக்கு என் தலையில் கட்டிவிட்டார்கள். போன மாதம் நீர்ப்பாசன அலுவலகத்திலிருந்து புதிதாக வந்த பொறியாளர் வாய்க்காலைப் பார்க்க வந்தார், பெண்தான், உன் வயது இருக்கும், வெயிலில் தொப்பி கூட இல்லாமல் நாலு மைலும் நடந்தார். இனிமேல் தண்ணீர் விடுகிற முறை மாறப்போகிறது, தலைமடை கடைமடை என்ற பேச்சே கிடையாது, மேலிருந்து வரிசையாக ஒவ்வொருவருக்கும் சமமாக நாலு மணி நேரம், கணினியே அட்டவணை போட்டுவிடும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மதகில் திறந்த தண்ணீர் வாய்க்கால் முடிகிற கடைமடையில் இருக்கும் நம் வயலுக்கு வந்து சேரவே ஒன்பது மணி நேரம் ஆகும், காய்ந்த வாய்க்கால் தண்ணீரைக் குடித்துக்கொண்டே தான் கீழே விடும். நாலு மணி நேரத் தண்ணீர் நமக்கு வந்து சேர்ந்தால் அதில் கால் கழுவலாம், அவ்வளவுதான். பஞ்ச வருஷத்தில் எப்போதுமே கடைமடைக்குத்தான் முதல் தண்ணீர், அப்புறம் ஈரம்பட்ட வாய்க்காலில் ஒவ்வொரு மடையாக மேலே ஏறிக்கொண்டே போவோம், அதுதான் எங்கள் வழக்கம் என்று சொன்னேன். அந்தப் பெண் எரிச்சல்படவில்லை. "எழுத்துல ஏதாவது இருக்காம்மா? எப்ப இருந்து, யார் சம்மதத்தோட இப்படிச் செய்றீங்கன்னு காட்டுனீங்கன்னா நான் மேல பேசுவேன். வாய்வார்த்தையை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மூன்று வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

மதகுக்குப் பக்கத்தில் சங்கத்துக்கு ஒரு தகரக் கூரை அறை உண்டே, அங்கே பூட்டு துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. உடைத்துத் திறந்தால் ஆறு தடித் தீர்மான நோட்டுகள். கரையான் ஓரத்தை மட்டும் தின்றுவிட்டு எழுத்தை மரியாதையாக விட்டு வைத்திருந்தது. முதல் ஐந்து நோட்டும் ஒரே கையெழுத்து, நம் வாய்க்காலின் நடுவில் பட்டறை வைத்திருந்த தச்சருடையது. உனக்கு அவரை லேசாகத்தான் ஞாபகம் இருக்கும், அவர் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. உளியால் செதுக்கியதுபோல் எழுத்து. அரைக் காணி நிலம் கூட இல்லாத மனிதர் விவசாயிகள் சங்கத்துக்கு நாற்பத்தைந்து வருஷம் எழுத்து வேலை ஏன் பார்த்தார் என்று நான் யோசித்ததே இல்லை, முதல் நோட்டைப் படித்தபோதுதான் தெரிந்தது.

ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கால் புதிது. மேலே இருந்தவர்கள் வயல் அழுகுகிற அளவுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள், கீழே இருந்தவர்கள் வெடித்த மண்ணில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கடைமடைக்காரர்கள் கடப்பாரையோடு போய் மதகுப் பலகையை உடைத்துவிட்டார்கள். கைகலப்பில் ஒருவருக்குக் கை முறிந்தது, தண்ணீரெல்லாம் பள்ளத்தில் பாய்ந்து யாருக்கும் இல்லாமல் போனது. அதோடு கீழே இருந்தவர்கள் வாய்க்கால் பக்கமே வரவில்லை. அடுத்த வருஷம் மண் மேடிட்டுப் போன நாலு மைல் வாய்க்காலைத் தலைமடைக்காரர்களால் மட்டும் தூர் வார முடியவில்லை, ஆள் போதவில்லை. கீழே ஆள் அனுப்பிக் கூப்பிட்டதற்கு, "தண்ணியே வராத வாய்க்கால்ல நாங்க எதுக்கு மண்ணு அள்ளணும்? உங்க தண்ணி, உங்க மண்ணு, நீங்களே அள்ளுங்க" என்று பதில் வந்ததாம். தச்சர் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். இரண்டு பருவம் மேலேயும் விளையவில்லை, கீழேயும் விளையவில்லை. கடைசியில் பேசலாம் என்று வந்தபோது இவர்கள் தெருவுக்கு அவர்கள் வரமாட்டார்கள், அவர்கள் தெருவுக்கு இவர்கள் போகமாட்டார்கள், அதனால் நடுவில் இருந்த பட்டறையில் மரத்தூள் மேல் உட்கார்ந்தார்கள். மூன்று நாள் கத்தினார்களாம். வேலை கெட்டுப்போன கடுப்பில் தச்சர் எழுந்து, மண்வெட்டி பிடிக்கிறவனுக்குத்தான் தண்ணீர், தண்ணீர் வருகிறவன்தான் மண்வெட்டி பிடிப்பான், இதில் எது முதல் என்று முடிவு பண்ணிவிட்டு என் பட்டறையைக் காலி பண்ணுங்கள் என்றாராம். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது. நிலத்தின் அளவுக்கு ஏற்ற நீளம் ஒவ்வொரு வீடும் தானே தூர் வார வேண்டும், ஒருவர் பங்கை இன்னொருவர் வாரக் கூடாது, ஏனென்றால் வசதி உள்ளவர்கள் கூலிக்கு ஆள் வைத்துவிட்டு வீட்டில் இருந்துவிடுவார்கள். வராதவருக்கு அந்தப் பருவம் தண்ணீர் முறை கிடையாது. பஞ்ச வருஷத்தில் கடைமடைக்கு முதல் தண்ணீர். வாய்க்கால் பிரிகிற மூன்று இடத்திலும் தச்சர் குறுக்கே ஒரு கட்டை போட்டு, நிலத்துக்கு ஏற்ற மாதிரி அகலமாகவும் குறுகலாகவும் அதில் வெட்டு வைத்துக் கொடுத்தார், தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் பங்கு மட்டும் மாறாது. ஒருத்தர் வெட்டை ஒரு விரல் அகலப்படுத்தி மாட்டிக்கொண்டதும், எல்லாரும் பார்க்க அவரே புதுக் கட்டை சுமந்து வந்து போட்டதும் பெயரோடு இருக்கிறது. மனிதர் யாரையும் விடவில்லை.

பொறியாளருக்குக் காட்ட இவ்வளவு போதும் என்று மூடி வைத்திருக்கலாம். ஆனால் சுவாரஸ்யம் விடவில்லை, சோறு கொதிக்க வைத்துவிட்டு ஒரு பக்கம், துணி காய வைத்துவிட்டு ஒரு பக்கம் என்று படித்துக்கொண்டே போனேன். நாலாவது நோட்டில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய பக்கம் வந்தது. உனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து முதுகில் அறுவை சிகிச்சை செய்து, நான் நாற்பது நாள் நகரத்து ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுக் கிடந்தேன், நீ சித்தப்பா வீட்டில் இருந்தாய். அந்த வருஷமும் இதே மாதிரி பஞ்சம். தூர் வாருகிற சமயத்தில் நம் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை, முறை போய்விடும் என்று எனக்குத் தெரியும், வயலைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டேன், அவர் காலை அசைத்தால் போதும் என்று இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் வெங்காயம் கருகருவென்று நிற்கிறது. உன் சித்தப்பா பார்த்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன், நன்றி சொன்னபோது அவரும் "அட, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா அண்ணி" என்றார். பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வந்தால் முதல் தட்டு அவருக்குத்தான் வைத்திருக்கிறேன். இப்போது கேட்டால் தலையைச் சொறிகிறார். "நீங்க எதுக்கு நன்றி சொன்னீங்கன்னே எனக்குப் புரியல அண்ணி, பாப்பாவைப் பார்த்துக்கிட்டதுக்குன்னு நினைச்சேன்" என்கிறார். சரி, அதுவும் உண்மைதானே.

நோட்டில் இருந்ததை வார்த்தை மாறாமல் உனக்கு எழுதுகிறேன், பெயர்கள் இருந்த இடத்தில் மட்டும் ஊர் சொல்கிற மாதிரி போட்டிருக்கிறேன், டிராக்டர்காரர் என்றால் நம் அப்பா. "கடைமடை டிராக்டர்காரர் வீட்டில் எவரும் தூர் வார வரவில்லை. விதிப்படி அவருக்கு இப்பருவம் முறை இல்லை. ஒருவர் பங்கை மற்றவர் வாரக் கூடாது என்பதும் விதி. தலைமடைப் புகார்ப்பெட்டி எழுந்து, படுத்துக் கிடக்கிறவனுக்கு எழுதிய விதியா இது, அவன் பங்கு அறுபது அடியையும் நானே வாரிவிட்டேன், விதியை மீறியதற்கு என் முறையில் பாதியை வெட்டிக்கொள்ளுங்கள் என்றார். சபை வெட்டவில்லை. அவ்வீட்டு வயலுக்கு முறை தவறாமல் தண்ணீர் விடுவதென்றும், அவர்கள் இருக்கிற துன்பத்தில் இதை அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் முடிவு. இதை நோட்டில் எழுத வேண்டாம் என்று புகார்ப்பெட்டி கேட்டுக்கொண்டார். சபையில் நடந்ததை எழுதாமல் விட எனக்கு அதிகாரம் இல்லை." கீழே முப்பத்தொரு கையெழுத்தும் ரேகையும். நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன், சோறு அடிப்பிடித்து அப்பா வந்து அடுப்பை அணைத்தார்.

புகார்ப்பெட்டி யாரென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயில் அடித்தால் வெயிலைத் திட்டுவார், நிழல் விழுந்தால் நிழலைத் திட்டுவார், அதனால் ஊர் வைத்த பெயர். நிலமெல்லாம் தலைமடையில், மனைவி வழியில் வந்த ஒரு துண்டு மட்டும் நம் வயலை ஒட்டி, அதில் வேலிமரம்தான் நிற்கிறது. அந்தத் துண்டால்தான் சண்டை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு வருஷம், வரப்பு தன் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அவர் வந்து சொன்னார். நான் நடு வயலில் நின்று, உங்கள் கண்ணுக்கு மட்டும்தான் வரப்புக்குக் கால் முளைக்கும், படுத்து எழுந்த மனுஷனிடம் வம்புக்கு வர வெட்கமாக இல்லையா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். மண்டை முடி வரைக்கும் கோபம் எனக்கு. அவர் "சரிம்மா" என்று திரும்பிப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. எதிரே வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், நீயும் என்னைப் பார்த்துத் திருப்பிக்கொள்ளப் பழகினாய். அந்த அறுபது அடி மண்ணை அள்ளிய மனிதர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போயிருப்பேன். சொல்லவில்லை பார்.

நோட்டை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படி என்றார். படித்தேன். பூனைக்குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அந்த வரப்பு நகர்ந்தது நிஜம்தான். நான்தான் செதுக்குனேன்" என்றார். "எழுந்து நின்ன புதுசு. ஒரு வருஷம் ஒண்ணுத்துக்கும் உதவாம கிடந்துட்டோமேன்னு ஒரு வெறி, ஏதாவது சேர்க்கணும்னு. அரை அடிதான். நீ எனக்காக அப்படிச் சண்டை போட்டப்ப, இல்லடின்னு சொல்ல வாய் வரல, அப்புறம் நாள் ஆக ஆகச் சொல்லவே முடியல" என்றார். கோபப்படக் கூடாது என்றுதான் நினைத்தேன், உண்மையைச் சொன்னால் இரண்டு நாள் பட்டேன். சாப்பாடு வைத்தேன், பேச்சு வைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை அவராகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "வா, போயிட்டு வந்துடலாம்" என்றார்.

போனோம். புகார்ப்பெட்டி கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைத் திட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். பதினெட்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தை, "அண்ணே" என்று கூப்பிட்டேன், நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "எழுதாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், அந்தத் தச்சன் கேட்டானா? செத்தும் நிம்மதி இல்ல அவனால" என்றார். அப்பா வரப்பு விஷயத்தை ஆரம்பித்து, அரை அடி செதுக்கினேன் என்று தலையைக் குனிந்தார். "அரை அடியா? முக்கால் அடிய்யா!" என்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அவர் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தெரிந்துமா அண்ணே சும்மா இருந்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "நீ கத்துனப்ப எனக்கும் ஆத்திரம்தான் தங்கச்சி. சொல்லிக் காட்டிடலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லிட்டா அப்புறம் நான் மண்ணு அள்ளுனது உங்களுக்காக இல்ல, உங்க வாயை அடைக்கன்னு ஆயிடும். அதான் போயிட்டேன்." காபி வந்தது, ஆறிவிட்டது என்று அதையும் குறை சொல்லிக்கொண்டே குடித்தார்.

போன வாரம் தகரக் கூரை அறையில் கூட்டம். பொறியாளர் ஆறு நோட்டையும் பொறுமையாகப் புரட்டினார், பஞ்ச வருஷம் ஒன்பது, ஒன்பதிலும் கடைமடைக்கு முதல் தண்ணீர் என்று தானே ஒரு தாளில் குறித்துக்கொண்டார். ஆனால் தலைமடை இளவட்டங்களுக்குப் புது அட்டவணைதான் பிடித்திருக்கிறது, "எல்லாருக்கும் சமமா நாலு மணி நேரம்னா அதுல என்ன அநியாயம்? தாத்தா காலத்து நோட்டை வெச்சு எங்களை எதுக்குக் கட்டிப் போடுறீங்க?" என்று ஒருவர் கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் நெல்லும் காய்கிறது. நான் வாய்க்காலின் ஈரத்தைப் பற்றி என்னென்னவோ சொன்னேன், கடைமடைக்காரி கடைமடைக்குத்தான் பேசுவாள் என்று பார்த்தார்கள். அப்போது புகார்ப்பெட்டி எழுந்தார். சபையில் எல்லாரையும் விட அவருக்குத்தான் தலைமடையில் நிலம் அதிகம், புது முறை வந்தால் அவருக்குத்தான் கொண்டாட்டம், அதனால் அந்தப் பக்கத்துக்கு ஆதரவாகத்தான் பேசுவார் என்று பாதிப் பேர் நினைத்திருப்பார்கள். "இந்த அறையில மின்விசிறி இல்ல, அது ஒரு பக்கம் இருக்கட்டும்" என்று ஆரம்பித்தார். "மதகுல இருந்து என் வயலுக்கு நூறு அடி. நாலு மைல் வாய்க்காலை நான் ஒத்தையா வார முடியுமா? நீ வார முடியுமா? தண்ணி கீழ போனாத்தான் ஆளு மேல வருவான். போகலன்னா ரெண்டு வருஷத்துல மண்ணு மூடிடும், அப்புறம் நாலு மணி நேரத்தை வெச்சு என்ன பண்ணுவ, நாக்கு வழிப்பியா? கடைமடைக்கு முதல் தண்ணி விடுங்க. எனக்குக் கடைசியா வந்தாப் போதும்." அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார்.

எல்லாரும் மனம் மாறிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். தலைமடையில் மூன்று பேர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மற்றவர்கள் போட்டார்கள், பொறியாளர் மேலே போனில் பேசிவிட்டு, இந்தப் பருவத்துக்கு எங்கள் முறையே இருக்கட்டும், அடுத்த வருஷம் தண்ணீர் எங்கெங்கே எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அளந்து பார்த்துவிட்டுப் பேசலாம் என்று உத்தரவு எழுதிக் கொடுத்தார். போகும்போது என்னிடம் தனியாக வந்து, படித்த படிப்பில் இதெல்லாம் ஒரு பக்கத்தில்தான் வந்தது அம்மா, இந்த நோட்டுகளைப் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். நான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், மதியம் நம் வீட்டில்தான் சாப்பிட்டார். வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு மதகு திறந்தது, மதியம் இரண்டு மணிக்கு நம் வயலின் மடைவாயில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் போய் நின்றார், நான் முதுகு என்று கத்தினேன், அவர் காதில் விழவில்லை. அன்றைக்கே இரண்டு பேரும் சேர்ந்து வரப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தோம். முக்கால் அடி.

இதையெல்லாம் எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் அந்த வெங்காயம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் உன் படிப்பை நிறுத்தியிருப்போம், ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவும் நானும் அதைப் பேசி முடிவே பண்ணியிருந்தோம், உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. நம் கையால் உன்னைப் படிக்க வைத்தோம் என்று நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன். முப்பத்தொரு வீட்டுக் கை அது. அதில் பன்னிரண்டு பேர் இப்போது இல்லை, அவர்களுக்கு எங்கே போய் நன்றி சொல்வது. இருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன், பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை, "அப்படியா செஞ்சோம்? நல்ல காரியம்தான்" என்கிறார்கள்.

நீ காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. குளிருக்குக் காதை மூடிக்கொள். கோபத்தில் யாரோடாவது பேச்சை நிறுத்தியிருந்தால், அவர்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்பது உனக்கு முழுக்கத் தெரியாமலும் இருக்கலாம் என்று மட்டும் நினைத்துக்கொள், அது யாரென்று நான் கேட்க மாட்டேன். எல்லாக் காலத்திலும் உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும், உன் கையாலும் நாலு பேர் வயல் நனையட்டும், நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

மறக்காமல் ஒரு வேலை செய். புகார்ப்பெட்டி மாமாவுக்குக் கையால் ஒரு கடிதம் எழுது. நன்றி என்று எழுதாதே, அவருக்குப் பிடிக்காது, குறை சொல்லிக்கொண்டே இருப்பார். நீ என்ன வேலை பார்க்கிறாய், உன் மேசைக்கு எதிரே இருக்கிற ஜன்னலில் என்ன தெரிகிறது, மதியம் யாரோடு சாப்பிடுகிறாய் என்றெல்லாம் எழுது. அவர் நனைத்த வயலில் என்ன விளைந்தது என்று அவர் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடியே இருக்கும்
அம்மா